ஹாரன் முதலில், டிரைவர் பிறகு: சிக்கனமாக ஒரு ஹாரன் ஸ்பீக்கர் கட்ட

என் முதல் ஹாரன் ஸ்பீக்கரை நான் தலைகீழாகக் கட்டினேன். முதலில் டிரைவரை, அதாவது மின்சாரத்தை ஒலியாக மாற்றும் யூனிட்டை, வாங்கினேன். பெரிய காந்தம், மேலே 100 வாட் என்று ஒட்டியிருந்த சீட்டு, கையில் எடுத்தால் கனம். மீதியிருந்த பணத்துக்கு டிரைவரின் முன்னே மாட்ட, 15 செ.மீ. வாய் கொண்ட, குழாய்போல் விரியும் சின்ன பிளாஸ்டிக் ஹாரன் கிடைத்தது. டிரைவரின் தரவுத்தாள் 1,200 ஹெர்ட்ஸில் பிரிக்கலாம் என்றது, அதாவது அதற்குக் கீழான ஒலி வூஃபர் என்ற தாழ்சுருதி ஸ்பீக்கருக்கும் மேலானது டிரைவருக்கும் போகும்படி. அப்படியே பிரித்தேன். பாடகரின் குரல், வாயருகே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு கூப்பிடுகிறவர் குரல்போல வந்தது. மாதக்கணக்கில் டிரைவரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அதே டிரைவரை 30 செ.மீ. அகல ஹாரனில் மாட்டிக் கேட்டேன். அந்தக் கூப்பாடு போய்விட்டது. டிரைவரில் ஒரு திருகைக்கூட நான் தொடவில்லை.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: வூஃபர், கிராஸ்ஓவர் புள்ளி (பிரிக்கும் இடம்), ஹாரன், கடைசியாக டிரைவர். பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசை இன்னும் முக்கியம். சுமாரான டிரைவரை நல்ல ஹாரன் காப்பாற்றும். தவறான ஹாரனை எந்த விலையுயர்ந்த டிரைவராலும் காப்பாற்ற முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

ஹாரனில் மாட்டும் டிரைவரைக் கம்ப்ரஷன் டிரைவர் என்பார்கள். அதற்குள் டயஃப்ரம் என்ற மெல்லிய, அதிரும் தகடு ஒன்று இருக்கும். அதற்கு மிக நெருக்கமாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில், ஃபேஸ் பிளக் என்ற துளைகளிட்ட துண்டு. டயஃப்ரத்தின் பரப்பைவிடப் பல மடங்கு குறுகலான அந்தத் துளைகள் வழியாகத்தான் காற்று வெளியேற வேண்டும். காற்று நெருக்கப்படுவதால் டயஃப்ரத்துக்கு உந்தித் தள்ள ஒரு பிடிமானம் கிடைக்கிறது. அந்த அழுத்தத்தை அறைக் காற்றோடு படிப்படியாகச் சேர்த்துவிடுவது ஹாரனின் வேலை. சின்ன வட்டத் துவாரம் உள்ள பக்கத்தைத் தொண்டை என்றும் விரிந்த பக்கத்தை வாய் என்றும் சொல்வோம்.

பேசும் படங்கள் தலையெடுத்த காலத்தில், 1926-ல், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 டிரைவர் வந்தது. அன்றைய ஆம்ப்கள் (ஆம்ப்ளிஃபையர்கள்) கொடுத்த ஒருசில வாட்டை வைத்துக்கொண்டு ஒரு தியேட்டர் முழுக்கக் கேட்க வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த அமைப்பு என்பதால்தான் இன்றைக்கும் ஹாரனில் மாட்டிய கம்ப்ரஷன் டிரைவர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில், 105 முதல் 110 டெசிபல் வரை கொடுக்கிறது. வீட்டுக்கு இது மிக அதிகம். 108 டெசிபல் டிரைவரில் 85 டெசிபல் கேட்க 5 மில்லிவாட் போதும், அதாவது ஒரு வாட்டில் இருநூறில் ஒரு பங்கு. இசையின் உச்சங்கள் அதைவிட 20 டெசிபல் ஏறினாலும் அரை வாட்தான். ஆகவே சீட்டில் போட்டிருக்கும் வாட் எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

முதல் படி: வூஃபரும் பிரிக்கும் இடமும்

வூஃபர் தாழ்ந்த சுருதியில் எல்லாப் பக்கமும் ஒலியைப் பரப்பும். சுருதி ஏற ஏற ஒலி முன்பக்கமாகக் குறுகிக்கொண்டே வரும். கூம்பு பெரிதாக இருந்தால் இந்தக் குறுகல் சீக்கிரமே தொடங்கும். ஒலிப்பரவல் சுமார் 90 பாகைக்குச் சுருங்கும் இடம், 8 அங்குல வூஃபருக்கு ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸ், 10 அங்குலத்துக்கு 1,600, 12 அங்குலத்துக்கு 1,300, 15 அங்குலத்துக்கு 1,000.

90 பாகை ஹாரன் ஒன்றை வூஃபரோடு சேர்க்கும்போது, இரண்டின் பரவலும் ஒரே அகலமாக இருக்கும் இடத்தில் கைமாற்றினால் நேர் எதிரில் உட்கார்ந்தாலும் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் ஒலியின் நிறம் மாறாது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் நேரொலியை ஒத்திருக்கும். ஹாரன் ஸ்பீக்கரின் உண்மையான லாபம் இந்த ஒற்றுமைதான் என்பது என் கருத்து. சத்தம் கூடுதலாக வருவது அதற்கு அப்புறம்தான்.

முதல் முயற்சிக்கு 12 அங்குல வூஃபரைத்தான் சொல்வேன். 1,300-லிருந்து 1,600 ஹெர்ட்ஸுக்குள் பிரிக்கலாம். சிக்கனமான டிரைவருக்கும் கைக்கடக்கமான ஹாரனுக்கும் அது எட்டும் இடம். 15 அங்குலம் என்றால் 1,000 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்க வேண்டும். ஹாரனும் பெரிதாகும், டிரைவரும் விலை ஏறும். எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வூஃபரின் வரைபடத்தில், பிரிக்கும் இடத்துக்கு மேலே ஒரு ஆக்டேவ் (ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும் தூரம்) வரையாவது பெரிய மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்திறன், அதாவது ஒரு வாட்டில் ஒரு மீட்டரில் தரும் சத்தம், 93 முதல் 97 டெசிபலுக்குள் இருந்தால் வசதி.

இரண்டாம் படி: ஹாரன்

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹாரனின் பெயரோடு 90க்கு 60, 80க்கு 60 என்று எண்கள் வரும். கிடையாக எத்தனை பாகை, நெடுக்காக எத்தனை பாகை என்பது அது. ஆனால் அந்தப் பாகையை எந்தச் சுருதி வரை ஹாரன் கட்டிக்காக்கும் என்பதை வாயின் அளவு முடிவு செய்கிறது. இதற்கு டான் கீல் என்ற ஒலியியல் பொறியாளர் 1970-களில் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். செ.மீ. கணக்கில் சொன்னால் இப்படி: 25 லட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதைப் பாகையாலும் வாயின் அகலத்தாலும் வகுங்கள். வருவது ஹெர்ட்ஸ்.

90 பாகை, 30 செ.மீ. அகலம்: 25,00,000 ÷ (90 × 30) = சுமார் 925 ஹெர்ட்ஸ். 1,300-ல் பிரிக்க இது தாராளம். என் பழைய 15 செ.மீ. ஹாரன்: 25,00,000 ÷ (90 × 15) = சுமார் 1,850. நான் பிரித்தது 1,200-ல். அந்த 650 ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஹாரனால் ஒலியைப் பிடித்து வைக்க முடியவில்லை. அதுபோக, தன் அளவுக்கு மீறிய நீள அலைகள் வாயிலிருந்து உள்ளேயே திரும்பி வந்து அலைமோதின. கை குவித்துப் பேசியதுபோல் கேட்டதற்குக் காரணம் இதுதான்.

இதே கணக்கை உயரத்துக்கும் போட்டுப் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 50 பாகை என்று சொல்லப்படும் ஹாரனின் வாய் 15 செ.மீ. உயரம்தான் என்றால், நெடுக்கான கட்டுப்பாடு 3,300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இல்லவே இல்லை. தாழ்வான, அகலமான ஹாரன் பெட்டியில் அழகாக உட்காரும். ஆனால் தரையும் கூரையும் கூடுதல் ஒலியை வாங்கித் திருப்பும். இடம் இருந்தால் உயரமும் அகலமும் பெரிதாக வேறுபடாத ஹாரனையோ, வேவ்கைட் எனப்படும் வட்ட வாய் ஹாரனையோ எடுங்கள்.

அடுத்தது வடிவம். விளக்கை அடித்துத் தொண்டைக்குள் பாருங்கள். சுவர் வழவழப்பாக, ஒரே ஓட்டமாக விரிந்துகொண்டே வந்து, வாயின் விளிம்பில் வெளிப்பக்கம் உருண்டு மடிந்தால் நல்லது. நடுவில் குறுகிய பிளவும் அதைத் தாண்டிச் சட்டென்று திரும்பும் மூலையும் தெரிந்தால், அது பெரிய அரங்குகளுக்கான வடிவம். பரவலை நன்றாகவே கட்டுப்படுத்தும். ஆனால் அந்த மூலையில் ஒலியின் ஒரு பங்கு முறிந்து திரும்பும். இரண்டரை மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது ஒரு கரகரப்பாகத் தெரியும். பழைய எக்ஸ்பொனென்ஷியல் ஹாரன்களும் (வாய்ப்பக்கம் வர வர வேகமாக விரியும் வகை) மலிவாகக் கிடைக்கும். அவற்றில் மேல் சுருதி கதிர்போலக் குறுகிவிடுவதால் தலையை நகர்த்தினாலே ஒலி மாறும்.

பிளாஸ்டிக்கா அலுமினியமா மரமா என்ற விவாதத்தில் ரொம்ப நேரம் செலவிட வேண்டாம். விரலால் தட்டும்போது டிங் என்று ஒலித்தால் பின்பக்கம் தார் பூசிய அதிர்வுத்தடுப்புத் தாளை ஒட்டுங்கள். வடிவம் சரியாக இருந்தால் மீதி எல்லாம் சின்ன விஷயம்.

மூன்றாம் படி: டிரைவர்

தொண்டையின் அளவை வைத்து டிரைவர்கள் 1 அங்குலம், 1.4 அங்குலம், 2 அங்குலம் என்று பிரியும். 2 அங்குலம் தாழ்ந்த சுருதிக்கு நன்றாக இறங்கும், ஆனால் மேல் ஆக்டேவில் தளரும், கூடவே ஒலி குறுகும். வீட்டு இருவழி ஸ்பீக்கருக்கு 1 அங்குலம்தான் பொருத்தம். அதிலும் வாய்ஸ் காயிலின் (டயஃப்ரத்தை அசைக்கும் கம்பிச்சுருளின்) விட்டத்தைப் பாருங்கள். 25 அல்லது 34 மி.மீ. காயில் என்றால் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும். 44 மி.மீ. காயில் என்றால் 1,300 – 1,600-ல் பிரிக்கலாம், தரவுத்தாள் அனுமதித்தால். பி அண்ட் சி நிறுவனத்தின் டிஇ250, செலஸ்டியனின் சிடிஎக்ஸ்1-1745 இரண்டும் 1 அங்குலத் தொண்டை, 44 மி.மீ. காயில் வகை. வேறு டிரைவரைப் பார்க்கும்போது இவற்றின் தரவுத்தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

எவ்வளவு கீழே பிரிக்கலாம் என்பதில் பேராசை கூடாது. ஒரே அளவு சத்தத்துக்கு, சுருதி ஒரு ஆக்டேவ் இறங்கினால் டயஃப்ரம் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் நகர வேண்டும். அது நகர இருக்கும் இடமோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தரவுத்தாளில் குறைந்தபட்ச கிராஸ்ஓவர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் (அந்த இடத்துக்குக் கீழே ஒலி எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும் என்பது) குறித்திருக்கும், ஆக்டேவுக்கு 12 டெசிபல் அல்லது அதற்கு மேல் என்று. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் நிபந்தனை.

காந்தம் ஃபெரைட்டா நியோடிமியமா? கேட்பதற்கு வித்தியாசம் வராது. நியோடிமியம் எடை குறைவு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவருக்கு அது பெரிய உதவி. அறையில் ஒரே இடத்தில் நிற்கப்போகும் பெட்டிக்கு ஃபெரைட் போதும், அந்த மிச்சத்தை ஹாரனில் போடுங்கள். டைட்டானியம் டயஃப்ரம் விறைப்பானது, மிக உயர்ந்த சுருதியில் கிணுகிணுக்கலாம். பாலியெஸ்டர் போன்ற பாலிமர்கள் அதை மென்மையாக விழுங்கும், மேல் நுனி சற்றுக் குறையும். இரண்டிலும் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. அளவிட்ட வரைபடம் வெளியிடாத டிரைவரை மட்டும் தொடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அறிவிப்புக்குப் பயன்படும் குழாய் ஒலிபெருக்கிகளின் யூனிட்டும் பார்வைக்கு இதேபோல்தான் இருக்கும், விலையும் குறைவு. அது பேச்சுக்காகச் செய்தது. 5,000, 6,000 ஹெர்ட்ஸ் தாண்டினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. சிலவற்றில் 100 வோல்ட் லைனுக்கான (பல ஒலிபெருக்கிகளை நீண்ட கம்பியில் ஓட்டும் முறைக்கான) டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்தே இருக்கும்.

பழைய டிரைவர் வாங்கினால் இரண்டையும் ஒன்றாகச் சோதியுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் டிரைவர் ஐந்தரையிலிருந்து ஆறரை ஓம் வரை காட்டும். ஜோடி இரண்டும் ஒத்திருக்க வேண்டும். கீழே சொல்லும் கெப்பாசிட்டரைப் போட்டு, மிகக் குறைந்த வால்யூமில் 1,000 ஹெர்ட்ஸிலிருந்து மேலே மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். எங்காவது காகிதம் உரசுவதுபோல் கேட்டால் காயில் இடிக்கிறது அல்லது இடைவெளியில் இரும்புத் தூள் சிக்கியிருக்கிறது. பின்மூடியைத் திறக்க நேர்ந்தால் மேசையில் இரும்புத் துகள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்துவிட்டுத் திறங்கள். சிக்கிய தூளை ஊதினால் போகாது. ஒட்டும் டேப்பை மடித்து, இடைவெளிக்குள் விட்டு, சுற்றிச் சுற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அசல் டயஃப்ரத்தை எடுத்துவிட்டு மலிவான மாற்றை வைத்து விற்பதும் நடக்கிறது. இரண்டின் அளவீடும் ஒத்துவராவிட்டால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

நான்காம் படி: இரண்டும் சேரும் இடம்

1 அங்குல டிரைவரை மாட்ட மூன்று வழி உண்டு. ஒன்று திருகிப் பூட்டுவது: 1⅜ அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 புரி. மற்ற இரண்டும் போல்ட்: 76 மி.மீ. வட்டத்தில் இரண்டு அல்லது 57 மி.மீ. வட்டத்தில் மூன்று. பல ஹாரன்களில் இரண்டு போல்ட் வகைக்கும் துளை இருக்கும். வாங்குமுன் இதைச் சரிபார்த்துவிடுங்கள். மாற்றுத் துண்டு போட்டால் பொருந்திவிடும், ஆனால் தொண்டையின் நீளம் கூடும், ஒரு மூட்டும் கூடும்.

மூட்டை நான் ஏன் இவ்வளவு கவனிக்கிறேன் என்றால், 15,000 ஹெர்ட்ஸில் அலையின் நீளமே 23 மி.மீ. தான். டிரைவரை ஹாரனில் பூட்டிவிட்டு, வாய்ப்பக்கமாகக் கை விட்டு, விரல் நுனியால் மூட்டைச் சுற்றித் தடவிப் பாருங்கள். என் இரண்டாவது ஜோடியில் ஒரு பக்கம் நகம் தட்டியது. ஹாரனின் துவாரம் டிரைவரின் துவாரத்தைவிட ஏறக்குறைய ஒரு மி.மீ. உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவரைக் கழற்றித் தனியே எடுத்து வைத்தேன். இழைக்கும்போது எழும் தூள் காந்தத்துக்குள் போனால் தீர்ந்தது. உருளையான குச்சியில் 240 எண் உப்புத்தாளைச் சுற்றி, படியை வளைவாக இழைத்தேன், முடிவில் 400 எண். நகம் தட்டாமல் வழுக்கியதும் கழுவி, காயவைத்து, மெல்லிய கேஸ்கெட் வைத்துப் பூட்டினேன். முன்பு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரைபடத்தில் தெரிந்த சின்னச் சின்ன அலைகள் பாதியாகத் தணிந்தன. கேஸ்கெட்டின் விளிம்பும் துவாரத்துக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஐந்தாம் படி: காவலும் தணிப்பும்

ஆம்பை நேரடியாக டிரைவருக்கு இணைப்பவர்கள், அதாவது டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகப் பிரித்துக் கையாளும் கருவி) வைத்து இரண்டு ஆம்பில் ஓட்டுகிறவர்கள், டிரைவருக்குத் தொடராக ஒரு கெப்பாசிட்டர் போட்டே ஆக வேண்டும். ஆம்பை இயக்கும்போது வரும் 'டொப்' ஒன்றே டயஃப்ரத்தைக் கிழிக்கப் போதும். 8 ஓமுக்கு 47 மைக்ரோஃபாரட் சுமார் 420 ஹெர்ட்ஸில் வெட்டும். 1,400-ல் பிரிக்கும் அமைப்பை அது அதிகம் பாதிக்காது.

வூஃபரின் உணர்திறன் 96, டிரைவருடையது 108 என்றால் 12 டெசிபல் தணிக்க வேண்டும். 8 ஓம் டிரைவருக்குத் தொடராக 6 ஓம், டிரைவருக்கு இணையாக 2.7 ஓம். இதற்கு எல்-பேட் என்று பெயர். 10 வாட் ரெசிஸ்டர்கள் போதும். டிஎஸ்பியில் எண்ணை மாற்றித் தணித்தால் ஆகாதா என்று கேட்பார்கள். இசை தணியும், ஆம்பின் இரைச்சல் தணியாது. 108 டெசிபல் டிரைவரில் அந்த 'ஸ்ஸ்ஸ்' அறை முழுக்கக் கேட்கும். ரெசிஸ்டர் வைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். என் பெட்டிகளில் டிஎஸ்பி இருந்தும் எல்-பேடை நான் எடுத்ததில்லை.

பரவலை நிலையாக வைத்திருக்கும் ஹாரனில் இன்னொரு குணம் உண்டு. 3,000 – 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி ஆக்டேவுக்குச் சுமார் 6 டெசிபல் என்று சரியத் தொடங்கும். டிரைவர் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம், டயஃப்ரத்தின் எடையால் வருவது அது. பழைய ஹாரன்கள் மேல் சுருதியை நடுவில் குவித்து இதை மறைத்தன. நாம் அதை மின்சுற்றில் ஈடுகட்ட வேண்டும். எல்-பேடின் 6 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக 2.2 முதல் 4.7 மைக்ரோஃபாரட் வரை ஒரு கெப்பாசிட்டரை வைத்தால், மேல் சுருதி ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எந்த மதிப்பு என்பதை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆறாம் படி: அளந்து பார்த்தல்

காதை மட்டும் நம்பி ஹாரன் ஸ்பீக்கரை முடிக்க முடியாது. அளவுதிருத்தக் கோப்புடன் வரும் யுஎஸ்பி மைக் ஒன்றும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். டிரைவரை விலை கூட்டுவதைவிட இந்த மைக்குக்குச் செலவிடுவது மேல். பெட்டியை அறையின் நடுவில், முடிந்த உயரத்தில் வைத்து, மைக்கை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். டிரைவருக்கான ஸ்வீப்பை (தாழ்விலிருந்து மேலே ஏறும் சோதனை ஒலியை) 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்காதீர்கள், 500-லிருந்து போதும், வால்யூம் அடிமட்டத்தில். நேர் எதிரில் ஒன்று, பிறகு 15, 30, 45, 60 பாகையில் ஒவ்வொன்று. கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக, வெட்டிக்கொள்ளாமல் இறங்கினால் ஹாரன் நன்றாக வேலை செய்கிறது. நேர் எதிரில் தெரியும் பள்ளம் மற்றக் கோடுகளில் இல்லையென்றால் அதை ஈக்யூ (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வைத்து நிரப்பாதீர்கள், மற்ற எல்லாத் திசையிலும் மேடு கிளம்பும்.

கடைசியாக வூஃபரையும் ஹாரனையும் நேரத்தில் சேர்க்க வேண்டும். ஹாரனின் ஆழம் 12 செ.மீ. என்றால் டிரைவர் அவ்வளவு பின்னே இருக்கிறது, ஒலி சுமார் 0.35 மில்லிசெகண்ட் பிந்துகிறது. டிஎஸ்பி இருந்தால் வூஃபரை ஏறக்குறைய அந்த அளவில் தாமதித்துத் தொடங்கலாம். டிஎஸ்பி இல்லாதவர்கள் ஹாரனைப் பெட்டியின் மேல் தனியாக வைத்து முன்னும் பின்னும் நகர்த்தலாம், அல்லது கிராஸ்ஓவர் சரிவுகளை அதற்கேற்ப மாற்றலாம். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க டிரைவரின் இரண்டு கம்பிகளையும் வேண்டுமென்றே மாற்றிப் போடுங்கள். இப்போது கிராஸ்ஓவர் புள்ளியில் வரைபடம் பள்ளம் விழும். தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அந்தப் பள்ளம் மிக ஆழமாகவும் இரண்டு பக்கமும் ஒரே சரிவாகவும் வரும் வரை அளந்துகொண்டே இருங்கள். 25, 30 டெசிபல் ஆழம் கிடைத்ததும் ஆம்பை அணைத்து, கம்பிகளைத் திரும்ப நேராக மாட்டுங்கள். இன்னொரு ஸ்வீப் ஓடவிட்டால் பள்ளம் இருந்த இடத்தில் கோடு சமமாக ஓடும். அதன் பிறகு பாட்டுப் போட்டுக் கேட்கலாம்.